கஜபதி மடித்த மூன்று சீட்டு

கஜபதி மாமா நிம்மதியாக உட்கார்ந்து நான் பார்த்ததில்லை. சாப்பிடும்போதுகூட ஒரு காலை மடித்து ஒரு காலைக் குத்தவைத்துத்தான் இருப்பார். என் அக்கா கஸ்தூரி தட்டில் சோற்றைப் போட்டுவிட்டுக் குழம்புச் சட்டியை எடுத்து வருவதற்குள் மனுஷன் வாசலில் நின்று ரோட்டைப் பார்ப்பார்.

"இன்னாத்துக்கு எழுந்தே? யாரு கூப்ட்டா?" என்று அக்கா கேட்பாள்.

"யாரும் கூப்புடல. அதான் பாக்குறேன்" என்பார்.

பாதி அவர் பிறவிக்குணம். மீதி, 1986 ஆகஸ்ட்டில் ஒரு ஞாயிற்றுக்கிழமை அவரே தேடிக்கொண்டது. அந்த மீதியைத்தான் இங்கே எழுதுகிறேன். நான் ஆறாவது வரை படித்தவன், பட்டாபிராமில் வெல்டிங் ஷெட் வைத்திருக்கிறேன். சுற்றி வளைத்து எழுத எனக்கு வராது.

மாமா பிறந்தது முத்தாபுதுப்பேட்டையில். அப்பா செங்கல் சூளையில் கல் அறுத்தவர். ஐந்தாவதோடு படிப்பை விட்டு, அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு சின்னக் கம்பெனியில் எடுபிடியாகச் சேர்ந்து, முப்பது வயதுக்குள் நல்ல லேத் ஆபரேட்டர் ஆனார். கையில் அளவு நிற்கும். வாயில் சாராயமும் நின்றது. அதை நிறுத்தியவர் நெமிலிச்சேரி சபையின் பாஸ்டர் இராமகிருஷ்ணன். பெயரைப் பார்த்து மிரள வேண்டாம். ஞானஸ்நானம் எடுத்தபோது, "பேரை மாத்தினா எங்கம்மாவுக்கு என்னைக் கூப்பிடத் தெரியாது" என்று அந்தப் பெயரையே வைத்துக்கொண்டவர். மாமாவையும் அப்படியே கஜபதியாகவே வைத்துக்கொண்டார்.

சபை என்றால் பெரிய கோயில் இல்லை. ரயில் பாதைக்கு அந்தப் பக்கம், ஆஸ்பெஸ்டாஸ் கூரை போட்ட ஒரு நீளக் கொட்டகை. இடுப்பளவு சுவர், அதற்கு மேல் கம்பி வலை. பாய் விரித்து உட்காருவோம். சூளைக்காரர்கள், ஆவடி ஃபேக்டரிகளில் வேலை செய்பவர்கள், மார்க்கெட்டில் கூடை வைப்பவர்கள் என்று முப்பத்தொரு குடும்பம்.

1985 தொடக்கத்தில் இராமகிருஷ்ணன் ஐயா நெஞ்சுவலியில் படுத்தார். ஆஸ்பத்திரிக் கட்டிலில் கிடந்தபடி கொட்டகைச் சாவியை மாமா கையில் கொடுத்தார்.

"கஜபதி, ஞாயித்துக்கிழமை கதவைத் திறந்து வை. அது உன் வேலை. மேய்ப்பனை அனுப்புறது ஆண்டவர் வேலை. ரெண்டையும் ஒண்ணாக் கலந்துடாதே."

அவர் போய்ச் சேர்ந்தார். மாமா கதவைத் திறந்து வைத்தார். ஒவ்வொரு ஞாயிறும் கடைசி ஜெபத்தில், எங்களுக்கு ஒரு மேய்ப்பனைத் தாரும் என்று ஒரு வரி சேர்த்துச் சொன்னோம். ஆனால் அதோடு விட மாமாவால் முடியவில்லை. சனிக்கிழமை ஷிப்ட் முடிந்ததும் சைக்கிளை எடுத்துக்கொண்டு பூந்தமல்லி, குமணன்சாவடி, திருநின்றவூர் என்று சுற்றினார். எங்கேயாவது கூட்டம் நடந்தால் பின்னால் நின்று கேட்பார். பேசுகிறவர் கொஞ்சம் தேவலை என்று தோன்றினால் கூட்டம் முடிந்ததும் அவர் சைக்கிளைப் பிடித்துக்கொள்வார்.

அப்படி மூன்று பேர் வந்தார்கள். ஒருவர் நான்கு வாரம் வந்து, தன் சொந்தக்காரர்கள் தன்னை எப்படியெல்லாம் ஏமாற்றினார்கள் என்பதையே நான்கு பிரசங்கமாகச் செய்துவிட்டுப் போனார். ஒருவர் முதல் நாளே பெண்களைக் கம்மலையும் தாலியையும் கழற்றச் சொன்னார். ஏழு குடும்பம் அன்றைக்கே பாயைச் சுருட்டிக்கொண்டு போய்விட்டது. மூன்றாமவர் நல்ல மனுஷன், ஆனால் முதல் வார்த்தையிலிருந்து கடைசி வார்த்தை வரை அழுதுகொண்டே பேசுவார். என்ன சொன்னார் என்று ஒருத்தருக்கும் புரியாது.

ஒன்றரை வருடத்தில் முப்பத்தொன்று பதினேழாகக் குறைந்தது. மாமா ஞாயிறு காலையில் வாசலில் நின்று செருப்புகளை எண்ணுவார். எண்ணி முடித்ததும் மறுபடி எண்ணுவார்.

"ஐயா என்னாண்ட முப்பத்தொரு ஊட்டைக் குடுத்துட்டுப் போனாரு மச்சான். நான் இன்னா பதில் சொல்றது?"

"ஐயா உன்னாண்ட சாவியத்தான் குடுத்தாரு மாமா" என்றேன். அவர் காதில் ஏறவில்லை.

கடைசியில் மூன்று பெயர் நின்றது. முதலாவது குணசேகரன், அம்பத்தூர்க்காரர். சொந்தமாக மைக் செட்டும் இரண்டு குழாய் ஸ்பீக்கரும் வைத்திருந்தார். நாங்கள் சரி சொல்வதற்கு முன்பே எங்கள் சபையின் பாஸ்டர் என்று நோட்டீஸ் அடித்துவிட்டார். இரண்டாவது திருவேங்கடம் தாத்தா, ரயில்வேயில் கேட் காத்து ஓய்வு பெற்றவர். தங்கமான மனுஷன், ஆனால் வயது அறுபத்தெட்டு, பத்து வார்த்தைக்கு ஒரு தடவை மூச்சு வாங்கும். மூன்றாவது மனோகரன், சாத்தான்குளம் பக்கத்து ஆள், ஆவடியில் ராணுவத்துக்கு உடுப்புத் தைக்கும் ஃபேக்டரியில் பெர்மனென்ட் டெய்லர். முப்பத்தாறு வயது. அதிகம் பேசமாட்டார். யார் வீட்டில் காய்ச்சல் என்றாலும் முதலில் வந்து நிற்பவர் அவர்தான்.

சபையில் ஆளுக்கு ஒரு பக்கம் இழுத்தார்கள். கருவாட்டுக்கடை நாகவல்லி, "மைக்கு வந்தா பக்கத்து ஊரு வரிக்கும் கேக்கும், அவரையே வைங்க" என்றாள். அவள் புருஷன் வேலுசாமி, "நீ பேசறதே பக்கத்து ஊரு வரிக்கும் கேக்குது" என்றான். சண்டை வலுத்தது. கடைசியில், திருவுளச்சீட்டுப் போடுவது என்று முடிவானது.

எங்கள் சபையில் அதற்கு ஒரு முறை உண்டு. மூன்று நாள் உபவாசம். பெயர்களைத் தனித்தனிச் சீட்டில் எழுதி, ஒரே மாதிரி மடித்துக் காணிக்கைப் பையில் போட வேண்டும். எழுத்துத் தெரியாத ஒரு குழந்தை அதில் ஒரு சீட்டை எடுக்கும். எடுத்ததை மட்டும்தான் பிரிக்கலாம். மீதிச் சீட்டைப் பிரித்துப் பார்ப்பது ஆண்டவரைச் சந்தேகப்படுவதாகும் என்று இராமகிருஷ்ணன் ஐயா சொல்லி வைத்திருந்தார். அதைப் பிரிக்காமல் எரித்துவிடுவோம்.

சீட்டு எழுதும் பொறுப்பு மாமாவுக்கு. சனிக்கிழமை மத்தியானம் என் ஷெட்டுக்கு வந்து பழைய காலண்டர் தாள் ஒன்று வாங்கி, பெஞ்சில் வைத்து எழுதினார். நான் கண்ணாடி மாட்டிக்கொண்டு ஒரு கேட்டுக்கு வெல்டிங் அடித்துக்கொண்டிருந்தேன். பக்கத்திலேயே நடந்தது எனக்குத் தெரியவில்லை. ஆறு வருடம் கழித்துத்தான் தெரிந்தது. ஆனாலும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். மூன்று சீட்டிலும் அவர் மனோகரன் என்று எழுதினார்.

மறுநாள் ஆராதனை முடிந்ததும், நாலு வயது நிறையாத என் மகள் பைக்குள் கையை விட்டாள். மாமா பிரித்துப் படித்தார். சபை முழுக்க ஸ்தோத்திரம் சொல்லிப் பாடியது. பின்னால் நின்ற மனோகரன் அப்படியே முழங்காலில் உட்கார்ந்து அழுதார். அவர் மனைவி ராணி மட்டும் பாட்டுப் பாடவில்லை. மீதி இரண்டு சீட்டை எரிக்கிறேன் என்று மாமா சட்டைப்பையில் போட்டுக்கொண்டார்.

டிசம்பரில் மனோகரன் ஃபேக்டரி வேலைக்கு ராஜினாமா எழுதிக்கொடுத்துவிட்டார். விஷயம் கேள்விப்பட்டு மாமா ஷிப்டிலிருந்து பாதியில் ஓடிவந்தார். நானும் கூட இருந்தேன்.

"இன்னாபா பண்ணிட்டே? யார்னா சென்ட்ரல் கவர்மென்ட் வேலைய வுடுவாங்களா? ஞாயித்துக்கெழம மட்டும் வா, போதும். நாளைக்கே போயி எழுதிக் குடுத்தத வாபஸ் வாங்கு."

மனோகரன் சிரித்தார். "அண்ணாச்சி, மனுஷன் கூப்பிட்டா பாதி நேரம் போய்க்கிடலாம். ஆண்டவரு சீட்டுல பேரைச் சொல்லியில்லா கூப்பிட்டிருக்காரு. பாதி நேரம்னு எப்படிச் சொல்லுததுக்கு?"

உண்மையை மாமா அங்கேயே சொல்லியிருக்கலாம். சொல்லியிருந்தால் சபை மறுபடி உடையும். உடைந்தால் குணசேகரனின் ஸ்பீக்கர் வரும். சொல்லாமல் எழுந்து, இரண்டு தடவை வீட்டைச் சுற்றி நடந்துவிட்டு, சைக்கிளை எடுத்துக்கொண்டு போனார்.

மனோகரன் குடும்பம் குவார்ட்டர்ஸைக் காலி செய்து நெமிலிச்சேரியில் ஒற்றை அறை வீட்டுக்கு வந்தது. முன்னால் ஒரு தையல் மெஷின் போட்டு, புருஷனும் பெண்டாட்டியும் மாறி மாறி மிதித்தார்கள். தண்ணீருக்கு இரண்டு தெரு தாண்டி அடிபம்புக்குப் போக வேண்டும்.

"உங்க சபைச் சீட்டு நல்ல சீட்டு அண்ணாச்சி" என்று மாமாவிடம் சொன்னாள் ராணி, குடத்தை இடுப்பில் வைத்துக்கொண்டு. "குவார்ட்டர்ஸ்ல குழாயத் திருகினா தண்ணி வந்துச்சு. இங்க கையில காப்புக் காச்சுது."

மறுநாளிலிருந்து மாமா காலை ஐந்தரைக்கு சைக்கிள் கேரியரில் இரண்டு பிளாஸ்டிக் குடம் கட்டிக்கொண்டு போய் அவர்கள் வாசலில் தண்ணீர் வைத்துவிட்டுத்தான் பட்டாபிராமில் ரயில் ஏறுவார். மழை நாளிலும் வைத்தார், காய்ச்சலிலும் வைத்தார். சபையார் அவர் தாழ்மையைப் புகழ்ந்தார்கள். புகழும்போதெல்லாம் எழுந்து வெளியே போய்விடுவார்.

ஒன்றை ஒத்துக்கொள்ள வேண்டும். மனோகரன் நல்ல பாஸ்டர். பிரசங்கம் அளவெடுத்து வெட்டியதுபோல் இருக்கும். இருபது நிமிடம், ஒரே விஷயம், முடிச்சுப் போட்டு நூலை அறுத்துவிடுவார். சாவு வீட்டில் பேசமாட்டார், பக்கத்தில் உட்கார்ந்திருப்பார். போன குடும்பங்கள் ஒவ்வொன்றாகத் திரும்பி வந்தன. 1990-ல் நாற்பதைத் தாண்டியது. குணசேகரன் வேறெங்கோ போய்விட்டார். திருவேங்கடம் தாத்தா எங்களோடே முன் வரிசையில் உட்கார்ந்திருந்து, 1991-ல் தூக்கத்திலேயே காலமானார்.

ஆனால் மனோகரனுக்கு ஒரு வழக்கம் வந்துவிட்டது. எங்கள் சபையிலும் சரி, வேறு எந்தச் சபைக்குப் போனாலும் சரி, அந்தச் சீட்டைப் பற்றிச் சாட்சி சொல்வார். "மூணு சீட்டு. சின்னப்பிள்ளை எடுத்துச்சு. எம்பேரு இருந்துச்சு" என்று ஆரம்பிப்பார். அது ஆரம்பித்ததும் மாமா சைக்கிள் விழுந்ததா என்று பார்க்க வெளியே போவார். அவருக்கு மட்டும் எல்லா ஞாயிறும் சைக்கிள் விழும். அந்த இரண்டு சீட்டையும் அவர் எரிக்கவில்லை. லேத்தில் அளவு பார்க்கும் வெர்னியர் பெட்டியில், பஞ்சுக்கு அடியில் வைத்திருந்தார். எரிக்க வத்திப்பெட்டியை எடுப்பாராம், திரும்ப வைப்பாராம். இதெல்லாம் அவரே பின்னால் என்னிடம் சொன்னது.

1992 ஜூன் மாதம் வேலுசாமிக்கு வயிற்றில் வலி வந்தது. டாக்டர் உடனே ஆபரேஷன் செய்ய வேண்டும் என்றார். வேலுசாமிக்குக் கத்தி என்றால் பயம். வீட்டுக்கு வந்து படுத்துக்கொண்டான். நாகவல்லி பாஸ்டரைக் கூப்பிட்டு அனுப்பினாள். மனோகரன் வந்து ஜெபம் செய்தார். பிறகு, "ஒரு சீட்டுல ஆபரேஷன்னு எழுதுவோம், ஒண்ணுல வேண்டாம்னு எழுதுவோம். எனக்கு வழி காட்டினவரு உங்களுக்கும் காட்டாமலா போயிருவாரு? கஜபதி அண்ணாச்சியக் கூப்பிடுங்க. அவுக கையால எழுதட்டும்" என்றார்.

மாமாவைக் கூட்டி வந்தது நான்தான். பேனாவும் தாளும் கொடுத்தார்கள். வேலுசாமி சுருண்டு கிடந்து முனகிக்கொண்டிருந்தான். மாமா தாளைப் பார்த்தபடியே உட்கார்ந்திருந்தார்.

"இன்னா அண்ணாத்தே, ரெண்டு சீட்டு எழுத இம்மா நேரமா?" என்றாள் நாகவல்லி. அவள் குரலில் கேலி இருந்தாலும் கண் கலங்கித்தான் இருந்தது.

மாமா தாளைக் கசக்கிப் போட்டார். "சீட்டு ஒரு மண்ணும் வேணாம். மச்சான், ஆட்டோ இட்டுகினு வா."

"ஆண்டவருட்ட கேக்காம போகலாமா அண்ணாச்சி?" என்றார் மனோகரன்.

"டாக்டர் சொல்லிக்கீறாரில்ல. அதுக்கு மேல இன்னா கேக்குறது?" என்று சொல்லிவிட்டு வேலுசாமியின் அக்குளில் கை கொடுத்துத் தூக்கினார். அன்றைக்கே குடல்வால் ஆபரேஷன் நடந்தது. இன்னும் ஒரு நாள் போயிருந்தால் உள்ளேயே வெடித்திருக்கும் என்று டாக்டர் நாகவல்லியைத் திட்டினார்.

மறுநாள் சாயங்காலம் மாமா வெர்னியர் பெட்டியோடு என் ஷெட்டுக்கு வந்தார்.

"மச்சான், கண்ணாடிய கழட்டு. இதப் படி."

படித்தேன். மனோகரன். இன்னொன்றைப் பிரித்தேன். மனோகரன். எனக்குப் புரிய ஒரு நிமிடம் பிடித்தது. புரிந்ததும் நான் சொன்னதை மறைக்க விரும்பவில்லை. "எரிச்சுடு மாமா. ஆறு வருசம் ஆச்சு, சபை நல்லா கீது, யாருக்குத் தெரியப்போவுது?" என்றேன்.

"நேத்து அந்தாளு செத்திருந்தா?" என்றார். "இவரு என் சீட்ட நம்பித்தான இன்னொருத்தன் உசுர சீட்டுல வைக்கிறாரு. ஐயா கதவத் தொறக்குறதுதான் உன் வேலைன்னாரு. நான் ஆளையும் நானே அனுப்பி, ஆண்டவர் கையெழுத்தையும் நானே போட்டுட்டேன்."

இரண்டு பேரும் மனோகரன் வீட்டுக்குப் போனோம். அவர் ஒரு பள்ளிக்கூடச் சட்டைக்குக் காலர் வைத்துக்கொண்டிருந்தார். மாமா உட்காரவில்லை. நின்றபடியே சொல்லி முடித்தார். மெஷின் நின்றது.

"மூணுலயுமா?" என்றார் மனோகரன்.

"மூணுலயும்."

"வேற பேரே இல்லையா?"

"இல்லப்பா."

மனோகரன் காலரை மெஷினிலிருந்து எடுத்துவிட்டார். உள்ளேயிருந்து ராணி வந்து நிலைப்படியில் நின்றாள்.

"அப்ப எங்க வீட்டுக்காரரக் கூப்பிட்டது ஆண்டவரு இல்ல, இந்த அண்ணாச்சி" என்றாள். "நாளைக்குத் தண்ணி கொண்டு வராதீங்க."

அந்த ஞாயிறு மனோகரன் வரவில்லை. மாமா கதவைத் திறந்து, சபைக்கு முன்னால் நின்று, என்னிடம் சொன்னது போலவே எல்லாவற்றையும் சொன்னார். சிலர் கத்தினார்கள். ஒருவர் அடிக்கவே எழுந்தார். மாமா சாவியை மேஜையில் வைத்தார். அதை எடுக்க ஒருவரும் வரவில்லை. எடுத்தால் அடுத்த வாரம் கதவைத் திறக்க வேண்டுமே. கடைசியில் அவரே எடுத்துக்கொண்டார்.

அதற்கடுத்த ஞாயிறும் பாஸ்டர் இல்லை. பத்துக் குடும்பம் வரவில்லை. மாமா செருப்பு எண்ண ஆரம்பித்தார். தூக்கம் போய்விட்டது, சாப்பாடு போய்விட்டது. அக்கா என்னிடம் வந்து, "உங்க மாமா ஊட்டுக்குள்ளயே பத்து மைல் நடக்குறாருடா" என்றாள்.

மூன்றாம் ஞாயிறு மனோகரன் வந்தார். மேடைப் பக்கம் போகாமல் வாசல் ஓரமாகவே நின்று பேசினார்.

"எனக்கு ஒண்ணு தெரியணும். அன்னைக்கு ஒழுங்காப் போட்டிருந்தா ஆண்டவரு யார் பேரைச் சொல்லியிருப்பாரு? அதே மூணு பேரை எழுதுங்க. இன்னைக்கு எடுத்துப் பாப்போம்."

"திருவேங்கடம் தாத்தா செத்துட்டாரே" என்றேன்.

"அன்னைக்கு இருந்தாருல்லா. அவரு பேரும் வேணும்."

இதைக் கேட்டு யாரும் சிரிக்கவில்லை. எங்களுக்கு அது நியாயமாகத்தான் பட்டது. ஆறு வருடத்துக்கு முன் ஆண்டவர் என்ன நினைத்தார் என்பதை இன்றைக்குச் சீட்டுப் போட்டுத் தெரிந்துகொள்ளலாம் என்று முப்பது குடும்பம் சேர்ந்து நம்பினோம். சீட்டை ராணி எழுதினாள். "இந்தத் தடவை நான் எழுதுதேன். மூணையும் பிரிச்சுப் பாக்கணும்" என்றாள். மூன்றையும் எல்லாரிடமும் காட்டி மடித்தாள். நாகவல்லியின் பேத்தி, இரண்டு வயதுக் குழந்தை, பைக்குள் கையை விட்டு ஒன்றை எடுத்து வாயில் வைக்கப் போனது. ராணி பிடுங்கிப் பிரித்தாள்.

"திருவேங்கடம்" என்று படித்தாள்.

மின்சார ரயில் ஒன்று கடந்து போனது. அது போகிறவரை எல்லாரும் அந்தச் சீட்டையே பார்த்துக்கொண்டிருந்தோம். பின்னாலிருந்து யாரோ, "இப்ப கல்லறைக்குப் போயி கூட்டிகினு வர்றதா?" என்றார். "சரி, நான் இல்லைன்னு தெரிஞ்சுபோச்சு" என்று சொல்லிவிட்டு மனோகரன் திரும்பினார்.

"இரு நைனா" என்றாள் நாகவல்லி. எழுந்து நின்று சேலையை உதறிச் செருகிக்கொண்டாள். "எனக்குப் படிப்பு கெடையாது. ஒண்ணு கேக்குறேன். அன்னிக்கு அந்தக் கெயவனே பாஸ்டர் ஆயிருந்தா, போன வருசம் செத்துருப்பாரில்ல?"

"ஆமா" என்றார் மனோகரன்.

"அப்ப இன்னிக்கு நமக்கு ஆளு கெடையாது. சரிதான? ஆளு இல்லாத சபை இன்னா பண்ணும்? யாரையாச்சும் போயி கேக்கும். சீட்டு இல்லாம, நோட்டீசு இல்லாம, வாயத் தொறந்து கேக்கும். கேக்குறதுக்கு நான் எங்கயும் போவல. தோ நிக்கிறியே, உன்னியே கேக்குறேன். வர்றியா?"

"அக்கா, இவ்வளவு நாளும் அந்தச் சீட்டைத்தான் பிடிச்சிட்டு நின்னேன். அது இல்லாம நான் எதைப் பிடிச்சிட்டு நிக்க?"

"நாங்க இன்னாத்தப் புடிச்சிகினு கீறோம்? ஆண்டவர் ஒருத்தர அனுப்புவாருன்னுதான் குந்திகினு கீறோம். எங்களாண்டயும் சீட்டு கெடையாது."

வேலுசாமி வயிற்றுத் தையலைப் பிடித்துக்கொண்டு, "அவ கேட்டா இல்லன்னு சொல்லி யாரும் பொழைச்சதில்ல பாஸ்டர்" என்றான். நாலைந்து பேர் சிரித்தார்கள். மனோகரன் சிரிக்கவில்லை. ராணியைப் பார்த்தார். ராணி தரையைப் பார்த்தாள்.

"ஒரு வாரம் குடுங்க" என்று மனோகரன் சொல்ல, இரண்டு பேரும் கிளம்பிப் போனார்கள்.

அந்த வாரம் மாமாவோடு பேசுவதே பெரிய பாடாகிவிட்டது. வேண்டாம் என்று ராணி சொல்லியிருந்தும், திங்கட்கிழமை காலையில் இரண்டு குடம் தண்ணீரை அவர்கள் வாசலில் வைத்துவிட்டு வந்தார். செவ்வாய் போய்ப் பார்த்தால் குடம் வைத்த இடத்திலேயே இருந்தது. பழைய தண்ணீரைக் கொட்டிவிட்டுப் புதுத் தண்ணீர் வைத்தார். புதன், வியாழன், வெள்ளி அப்படியே. சனிக்கிழமை ஒரு குடம் உள்ளே போயிருந்தது. இன்னொன்று அங்கேயே இருந்தது. ரயிலைக்கூட விட்டுவிட்டு என் ஷெட்டுக்கு ஓடிவந்தார்.

"ஒண்ணு உள்ள பூட்ச்சு, ஒண்ணு வெளிய கீது. இதுக்கு இன்னா அர்த்தம் மச்சான்?"

"தாகம் எடுத்திருக்கும் மாமா. அதான் அர்த்தம். மறுபடியும் சீட்டு பிரிக்க ஆரம்பிச்சுட்டியா?"

மாமா பெஞ்சின் ஓரத்தில் சாய்ந்து முகத்தைத் துடைத்துக்கொண்டு, "முடியல மச்சான்" என்றார். "அவரு வரலன்னா, அடுத்த ஆள நான் தேடக் கூடாது. அது தெரியுது. ஆனா சொம்மா குந்திகினு இருக்க முடியல. கால் நிக்க மாட்டேங்குது."

"நிக்கலன்னா நட. ஆனா குமணன்சாவடிக்கு நடக்காத" என்றேன்.

ஞாயிறு காலை ஏழு மணிக்கே கதவைத் திறந்துவிட்டார். பாய் விரித்தார், சுருட்டினார், மறுபடி விரித்தார். ஒன்பதுக்கு முப்பது குடும்பம்போல வந்திருந்தது. ஒன்பதே கால் ஆனது. மேஜைக்குப் பின்னால் யாரும் இல்லை. பாட்டு முடிந்தது. இன்னொரு பாட்டும் முடிந்தது. ஜெபம் செய்ய யாரும் முன்வராததால் நாகவல்லி, "அண்ணாத்தே, நீயே பண்ணு. மூணு சீட்டு எழுதின கைதான, கூப்பி நில்லு" என்றாள்.

மாமா எழுந்து கண்ணை மூடினார். உலகத்துக்காக, ஊருக்காக, வியாதிக்காரருக்காக என்று வழக்கமாகச் சொல்வதைச் சொன்னார். பிறகு நின்றுவிட்டார். ஆறு வருடமாக யாரும் சொல்லாத அந்தப் பழைய வரிக்கு வந்து சேர்ந்திருந்தார்.

"எங்களுக்கு ஒரு மேய்ப்பனத் தாரும் ஆண்டவரே" என்றார். "நான் தேட மாட்டேன். நீர் தாரும். நேரமானாலும் நான் கதவத் தொறந்து வைக்கிறேன்."

வெளியே சைக்கிள் ஸ்டாண்டு போடும் சத்தம் கேட்டது. ஜெபத்தில் கண் திறக்கக் கூடாது என்று தெரியும். மாமா ஒரு கண்ணைத் திறந்தார். நானும் திறந்தேன். முன்னால் மனோகரன், பின்னால் ராணி. செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்து, ஜெபம் முடிகிறவரை பாயின் ஓரத்தில் உட்கார்ந்திருந்தார்கள். அந்த ஜெபத்தின் ஆமென்னை மாமா எத்தனை அவசரமாகச் சொன்னார் என்பதை இன்றைக்கும் சொல்லிச் சிரிப்போம்.

மனோகரன் எழுந்து மேஜைக்குப் பின்னால் போனார். சாட்சி எதுவும் சொல்லவில்லை. வேதத்தைத் திறந்து நாலைந்து பக்கம் புரட்டினார்.

"போன மாசம் எந்த இடத்துல நிப்பாட்டினோம்?" என்று கேட்டார்.

சபையில் ஒருத்தருக்கும் ஞாபகமில்லை. மாமா மட்டும் அதிகாரமும் வசனமும் சொன்னார். சொல்லிவிட்டுப் பாயில் உட்கார்ந்தார். சம்மணம் போட்டு, இரண்டு காலையும் மடித்து, ஒழுங்காகத்தான் உட்கார்ந்தார். பிரசங்கம் பாதி போனதும் எழுந்து, பாஸ்டர் சைக்கிள் விழுந்துவிட்டதா என்று பார்த்துவிட்டு வந்தார்.

அன்றைக்கு உண்மையாகவே விழுந்திருந்தது. நிமிர்த்தி வைத்துவிட்டு வந்து மறுபடி உட்கார்ந்தார்.